கணைய இயக்குநீர்ச் சுரப்பின் நரம்புக் கட்டுப்பாடு

கணைய இயக்குநீர்ச் சுரப்பின் நரம்புக் கட்டுப்பாடு என்பது, கணையத்தில் உண்டாகும் இன்சுலின், குளுக்ககான் முதலிய இயக்குநீர்கள் குருதியில் கலக்கும் நேரத்தையும் அளவையும் தன்னியக்க நரம்பு மண்டலம் மாற்றியமைப்பதைக் குறிக்கும். இயக்குநீர்கள் ஹார்மோன்கள் எனவும் வழங்கப்படுகின்றன. கணைய இயக்குநீர்களின் சுரப்பை முதன்மையாகத் தீர்மானிப்பது குருதியில் உள்ள குளுக்கோஸின் அளவே ஆகும். நரம்புத் தொடர்பு முற்றிலும் அறுக்கப்பட்ட கணையமும் குளுக்கோஸுக்கு ஏற்ப இன்சுலினைச் சுரக்கும். எனினும், உணவு வாயில் பட்டவுடன், அதிலுள்ள சர்க்கரை குருதியை அடையும் முன்பே இன்சுலின் சுரக்கத் தொடங்குவது நரம்புகளால்தான். குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும்போது குளுக்ககான் விரைந்து வெளிவருவதிலும் பல விலங்குகளில் நரம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இது பற்றிய அறிவின் பெரும்பகுதி நாய், எலி, சுண்டெலி, பன்றி, கன்று ஆகிய விலங்குகளில் செய்யப்பட்ட சோதனைகளிலிருந்து கிடைத்தது. மனிதக் கணையத்தில் நரம்புகள் அமைந்துள்ள விதம் சுண்டெலியில் உள்ளதிலிருந்து வேறுபட்டது என்பது 2011 ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. ஆகவே ஒரு விலங்கில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது இத்துறையில் குறிப்பாகத் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லக்கூடும்.

கணையமும் அதன் நரம்புகளும்

கணையம் இருவகைச் சுரப்பிகள் ஒன்றாக அமைந்த உறுப்பு ஆகும். அதன் பெரும்பகுதி செரிமான நொதிகள் கொண்ட கணைய நீரைச் சுரந்து, நாளத்தின் வழியே முன்சிறுகுடலில் சேர்க்கிறது. எடையில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு மட்டுமே உள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் நாளமில்லாச் சுரப்பிகளாகும். இவை தம் சுரப்புகளை நேரடியாகக் குருதியில் விடுகின்றன. மனிதக் கணையத்தில் இத்தகைய திட்டுகள் ஏறத்தாழ பத்து லட்சம் உள்ளன. திட்டுகளில் உள்ள பீட்டா உயிரணுக்கள் இன்சுலினையும், ஆல்பா உயிரணுக்கள் குளுக்ககானையும், டெல்ட்டா உயிரணுக்கள் சோமட்டோஸ்டேட்டினையும் சுரக்கின்றன. கணையப் பாலிபெப்டைடு என்னும் மற்றொரு இயக்குநீரைச் சுரக்கும் உயிரணுக்களும் அவற்றுள் உண்டு. இன்சுலின் குருதிச் சர்க்கரையைக் குறைக்கிறது. குளுக்ககான் கல்லீரலில் சேமிக்கப்பட்ட சர்க்கரையை வெளிவரச் செய்து அதனை உயர்த்துகிறது.

செருமானிய மருத்துவ மாணவர் பவுல் லாங்கர்ஹான்ஸ் 1869 ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் இத்திட்டுகளை முதன்முதலில் விவரித்தபோது, முயலின் கணையத்தில் அவற்றைச் சுற்றி நரம்புகள் செறிந்திருப்பதையும் குறிப்பிட்டார். இத்திட்டுகளின் வேலை என்ன என்பது அப்போது எவருக்கும் தெரியாது. எனவே அவற்றின் நரம்புகள், அவற்றின் இயக்குநீர்களுக்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே கண்ணில் பட்டுவிட்டன எனலாம்.

கணையத்துக்கு நரம்புகள் இரண்டு வழிகளில் வருகின்றன. முதலாவது துணைப்பரிவு நரம்பு மண்டலம். பாடநூல்கள் சில இதனை எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் என்கின்றன. இதன் இழைகள் முகுளத்தில், பத்தாவது மூளை நரம்பாகிய வேகஸ் நரம்பின் முதுகுப்புற இயக்கக் கருவில் தொடங்கி, வேகஸ் நரம்பின் வழியே கழுத்தையும் மார்பையும் கடந்து கணையத்தை அடைகின்றன. கணையத்தின் உள்ளேயே சிறு நரம்பு முடிச்சுகள் சிதறிக் கிடக்கின்றன. வேகஸ் இழைகள் இம்முடிச்சுகளில் உள்ள நரம்பணுக்களுக்குச் செய்தியைத் தர, அங்கிருந்து புறப்படும் குறுகிய இழைகள் திட்டுகளுக்குச் செல்கின்றன. இரண்டாவது பரிவு நரம்பு மண்டலம். இதன் இழைகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் தொடங்கி, உள்ளுறுப்பு நரம்புகள் வழியாக வயிற்றறையின் சீலியாக் நரம்பு முடிச்சுக்கு வந்து, அங்கே மாறி, பெரும்பாலும் குருதிக் குழாய்களை ஒட்டியே கணையத்தினுள் நுழைகின்றன. இவை இரண்டும் மூளையிலிருந்து கட்டளை கொண்டு வருபவை. கணையத்திலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் உணர்ச்சி இழைகளும் இதே பாதைகளில் உள்ளன.

நரம்பா, வேதிப்பொருளா: வரலாறு

பிரெஞ்சு உடலியங்கியலாளர் குளோட் பெர்னார்டு 1849 ஆம் ஆண்டில் ஒரு முயலின் மூளைத் தண்டில், நான்காம் மூளை அறையின் தரைப்பகுதியில் ஊசியால் குத்தினார். சற்று நேரத்தில் அம்முயலின் சிறுநீரில் சர்க்கரை தோன்றியது. குருதிச் சர்க்கரையை மூளை மாற்றவல்லது என்பதற்கு இதுவே முதற்சான்று ஆகும். நீரிழிவு நரம்பு நோயாக இருக்கலாம் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. பெர்னார்டின் கவனம் கல்லீரலின் மீது இருந்தது. கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு 1889 ஆம் ஆண்டில்தான், யோசப் வான் மேரிங், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி ஆகிய இருவரும் நாய் ஒன்றின் கணையத்தை அகற்றியபோது வெளிப்பட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் மின்கோவ்ஸ்கியும் பிரான்சின் எமானுவேல் எதோனும் கணையத்தின் ஒரு துண்டை நாயின் தோலடியில் ஒட்டிவைத்து, எஞ்சியதை அகற்றினர். நாய்க்கு நீரிழிவு வரவில்லை. ஒட்டிய துண்டையும் நீக்கியவுடன் வந்தது. தன் இயல்பான நரம்புகளை இழந்த கணையத் துண்டும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது என்ற இம்முடிவு, நரம்புக் கருத்துக்குப் பலத்த அடியாக அமைந்தது.

அடுத்த அடி செரிமான ஆய்விலிருந்து வந்தது. உருசியாவின் இவான் பாவ்லொவ், வேகஸ் நரம்பைத் தூண்டினால் கணைய நீர் சுரப்பதைக் காட்டி, செரிமானச் சுரப்பிகள் நரம்புகளால் ஆளப்படுகின்றன என நிறுவியிருந்தார். 1902 ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகியோர் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். அப்போதும் கணைய நீர் சுரந்தது. குடற்சுவரிலிருந்து குருதி வழியே சென்ற ஒரு பொருளே இதற்குக் காரணம் எனக் கண்டு அதற்குச் செக்ரெட்டின் எனப் பெயரிட்டனர். 1905 ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் சொல்லை வழங்கினார். அச்சொல்லே, கணையத்தைத் தூண்ட நரம்பு தேவையில்லை எனக் காட்டிய ஒரு சோதனையிலிருந்து பிறந்தது என்பது கருதத்தக்கது. பாவ்லொவும் தவறாகச் சொல்லிவிடவில்லை. கணைய நீரை நரம்பும் தூண்டுகிறது, செக்ரெட்டினும் தூண்டுகிறது. ஆயினும் அதன்பின் பல பத்தாண்டுகள் நாளமில்லாச் சுரப்பிகளின் ஆய்வில் நரம்புகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

இன்சுலின் 1921 ஆம் ஆண்டில் டொராண்டோவில் பிரித்தெடுக்கப்பட்ட பின், 1920களின் பிற்பகுதியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த எட்கார் சுன்ஸ், ழான் லா பார் ஆகியோர் ஒரு நாயின் கணையத்திலிருந்து வரும் சிரையை மற்றொரு நாயின் கழுத்துச் சிரையுடன் இணைத்தனர். முதல் நாயின் வேகஸ் நரம்பைத் தூண்டியபோது இரண்டாவது நாயின் குருதிச் சர்க்கரை குறைந்தது. இரண்டு நாய்களுக்கும் இடையே நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாததால், குருதியில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் இன்சுலின், கடந்து சென்றிருக்க வேண்டும். குருதியிலுள்ள இன்சுலினை நேரடியாக அளக்க அப்போது வழியில்லை. ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் 1960 வாக்கில் உருவாக்கிய கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீட்டு முறை அக்குறையைத் தீர்த்தது. அட்ரினலின் இன்சுலின் சுரப்பைத் தடுப்பது முயலின் கணையத்தில் 1964 ஆம் ஆண்டிலும், நாரட்ரினலின் அவ்வாறே செய்வது மனிதரில் 1966 ஆம் ஆண்டிலும் காட்டப்பட்டன. வேகஸ் நரம்பைத் தூண்டினால் நாயின் குருதியில் இன்சுலின் உயர்வது 1967 ஆம் ஆண்டில் நேரடி அளவீட்டால் உறுதியானது.

செயற்படும் விதம்

துணைப்பரிவு இழைகளின் முனையில் அசிட்டைல்கோலின் வெளிவிடப்படுகிறது. பீட்டா உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள எம்3 வகை மசுக்கரினிக் ஏற்பி அதனைப் பெற்றவுடன், உயிரணுவின் உள்ளே சேமிப்பில் உள்ள கால்சியம் அயனிகள் விடுவிக்கப்படுகின்றன. புரதக் கைனேசு சி என்னும் நொதியும் செயலூக்கம் பெறுகிறது. இன்சுலின் நிறைந்த நுண்பைகள் உயிரணுச் சவ்வுடன் இணைந்து தம் உள்ளடக்கத்தை வெளியே கொட்டுவதை இவ்விரண்டும் விரைவாக்குகின்றன. இங்கே ஒரு நிபந்தனை உண்டு. குளுக்கோஸ் குறைவாக இருக்கும்போது அசிட்டைல்கோலின் மிகச் சிறிதளவே பயன்தரும். குளுக்கோஸ் உயரும்போதுதான் அதன் விளைவு பெருகுகிறது. பட்டினியில் உள்ள விலங்குக்கு வேகஸ் நரம்பு தூண்டப்பட்டாலும் அது சர்க்கரைக் குறைவால் மயங்கிவிழாமல் காக்கும் ஏற்பாடு இதுவே. பீட்டா உயிரணுக்களில் மட்டும் எம்3 ஏற்பி இல்லாதவாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகள், உணவுக்குப் பின் உயரும் சர்க்கரையைச் சரிவரக் குறைக்க இயலாதவையாக இருந்தன என்பது 2006 ஆம் ஆண்டில் வெளியானது.

அத்திரோப்பின் என்னும் மருந்து இந்த ஏற்பியை மறிக்கிறது. ஆனால் நரம்புகளுடன் சேர்த்துப் பிரித்தெடுக்கப்பட்ட பன்றிக் கணையத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி ஆய்ந்தபோது, அத்திரோப்பினால் மறிக்க இயலாத விளைவுகளும் தெரியவந்தன. நரம்பு முனைகளிலிருந்து சிறு புரதங்கள் சிலவும் வெளிவருவதே காரணம். குடலியக்கப் பெப்டைடு என்னும் விஐபி, இரைப்பைச் சுரப்பியைத் தூண்டும் ஜிஆர்பி ஆகியன அவற்றுள் சில.

பரிவு இழைகளின் முனையில் நாரட்ரினலின் வெளிவருகிறது. பீட்டா உயிரணுவின் ஆல்பா-2 ஏற்பி இதனைப் பெற்றால் இன்சுலின் சுரப்பு பல படிகளில் ஒரே நேரத்தில் அடைக்கப்படுகிறது: உயிரணுவின் உள்ளே உள்ள சுழல் ஏஎம்பி குறைகிறது, பொட்டாசியம் வாயில்கள் திறந்து உயிரணுவின் மின்தூண்டல் அடங்குகிறது, நுண்பைகள் சவ்வுடன் இணைவதும் நேரடியாகத் தடைப்படுகிறது. அதே நேரத்தில் ஆல்பா உயிரணுவிலிருந்து குளுக்ககான் கூடுதலாகச் சுரக்கிறது. ஓடித் தப்பவேண்டிய விலங்குக்குத் தசைகளுக்கும் மூளைக்கும் சர்க்கரை தேவை. அதனைச் சேமிப்புக்கு அனுப்பும் இன்சுலின் அப்போது தேவையில்லை. நாயின் பரிவு நரம்பு முனைகளிலிருந்து நாரட்ரினலினுடன் கேலனின் என்னும் பெப்டைடும் வெளிவந்து இன்சுலினைத் தடுப்பது 1980களில் அறியப்பட்டது. பிற விலங்குகளில் கேலனினின் பங்கு ஒரே அளவில் இல்லை.

இவ்விரு நரம்பு மண்டலங்களும் எல்லா இயக்குநீர்களிலும் ஒன்றுக்கொன்று எதிராகவே செயற்படும் என எண்ணுவது பொருந்தாது. இன்சுலினைப் பொறுத்தவரை அவை எதிரெதிரானவை. குளுக்ககானையோ இரண்டுமே கூட்டுகின்றன. கணையப் பாலிபெப்டைடு வேகஸ் நரம்புக்கு மிகவும் கட்டுப்பட்டது. 1968 ஆம் ஆண்டில் கோழியின் இன்சுலினைத் தூய்மைப்படுத்தும்போது உடன்வந்த பொருளாகக் கண்டறியப்பட்ட இது, மனிதரில் வேகஸ் நரம்பு செயற்படுகிறதா என்பதை அறியும் குருதிக் குறியீடாகப் பயன்பட்டு வருகிறது.

உணவுக்கு முன்னோடியான சுரப்பு

உணவைக் காண்பதும் முகர்வதும் சுவைப்பதும் செரிமான நீர்களைச் சுரக்கச் செய்யும் என்பது பாவ்லொவ் காலத்திலிருந்தே அறிந்தது. இன்சுலினும் அவ்வாறே முன்கூட்டிச் சுரக்கிறது. இது தலைநிலைச் சுரப்பு எனப்படுகிறது. எலிகள் உண்ணத் தொடங்கிய ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள், குருதிச் சர்க்கரை உயரும் முன்னரே, இன்சுலின் உயர்வதை 1970களில் நெதர்லாந்தின் குரோனிங்கன் முதலிய இடங்களின் ஆய்வாளர்கள் காட்டினர். சத்து ஏதும் இல்லாத, இனிப்பு மட்டுமே உள்ள சாக்கரீன் நீரும் எலிகளில் இதனைத் தூண்டியது. வேகஸ் நரம்பை அறுத்தால் இச்சுரப்பு மறைந்துபோகிறது.

இதனைத் தெளிவாக்கிய சோதனை ஒன்று குறிப்பிடத்தக்கது. மருந்தால் பீட்டா உயிரணுக்கள் அழிக்கப்பட்டு நீரிழிவுக்கு ஆளான எலிகளுக்கு, வேறு எலிகளின் திட்டுகள் மாற்றிவைக்கப்பட்டன. எலிகளின் நீரிழிவு நீங்கியது. பட்டினிச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. ஆனால் உண்ணத் தொடங்கியவுடன் வரவேண்டிய அந்த முதல் இன்சுலின் உயர்வு வரவில்லை. மாற்றிவைத்த திட்டுகளுக்கு நரம்பு இல்லை; அவை சர்க்கரை வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சர்க்கரையை உணர்வதற்கு நரம்பு தேவையில்லை, முன்னறிவதற்குத் தேவை என்னும் வேறுபாடு இதனால் புலனானது.

மனிதரில் தலைநிலைச் சுரப்பின் அளவு சிறியது. ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபடுவது. உண்ணத் தொடங்கிச் சுமார் நான்கு நிமிடங்களில் உச்சத்தை அடைந்து பத்து நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. தன்னியக்க நரம்பு முடிச்சுகளை முழுவதுமாக மறிக்கும் மருந்தைத் தந்தபோது உணவின் முதற் பத்து நிமிட இன்சுலின் பெருமளவு குறைந்ததையும், அத்திரோப்பின் மட்டும் தந்தபோது சிறிதே குறைந்ததையும் 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அளவில் சிறியதாயினும், இந்த முதல் இன்சுலின் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதை உரிய நேரத்தில் நிறுத்தத் துணைசெய்கிறது எனக் கருதப்படுகிறது.

சர்க்கரை தாழும்போது

நலமான மனிதரின் பட்டினிக் குருதிச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும். அது 65 முதல் 70 மில்லிகிராம் அளவுக்குத் தாழும்போது குளுக்ககானும் அட்ரினலினும் உயரத் தொடங்குகின்றன. மூளை தன் எரிபொருளுக்குப் பெரிதும் குளுக்கோஸையே நம்பியிருப்பதால், இத்தற்காப்பு தவறினால் தடுமாற்றமும் வலிப்பும் நினைவிழப்பும் நேரலாம்.

இங்கிலாந்தில் 1970களில் கன்றுகளில் செய்யப்பட்ட சோதனைகள் இத்தற்காப்பில் நரம்புகளின் பங்கை வெளிக்கொணர்ந்தன. அட்ரினல் சுரப்பிகள் அகற்றப்பட்ட கன்றுகளிலும் உள்ளுறுப்பு நரம்புகளைத் தூண்டினால் குளுக்ககான் உயர்ந்தது. அதாவது அட்ரினலின் இல்லாமலே பரிவு நரம்பு ஆல்பா உயிரணுவை எட்டியது. பின்னர் நாய், குரங்கு, எலி, சுண்டெலி ஆகியவற்றில் ஆய்ந்தபோது, வேகஸ் நரம்பு, பரிவு நரம்பு, அட்ரினல் சுரப்பியின் அட்ரினலின் என மூன்று வழிகள் இருப்பது தெளிவானது. ஒன்றை மட்டும் அடைத்தால் மற்றவை ஈடுசெய்துவிடுகின்றன. மூன்றையும் சேர்த்து அடைத்தால்தான் குளுக்ககான் உயர்வின் பெரும்பகுதி மறைகிறது. முந்தைய ஆய்வுகள் பலவற்றில் ஒரு வழியை மட்டும் அடைத்துப் பார்த்து, நரம்புக்குப் பங்கில்லை என முடிவு செய்ததன் காரணமும் இதனால் விளங்குகிறது.

முதலாம் வகை நீரிழிவில், இன்சுலின் ஊசியால் சர்க்கரை தாழும்போது குளுக்ககான் உயர்வது நோய் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே குன்றிவிடுகிறது. பக்கத்து பீட்டா உயிரணுக்கள் அழிந்துபோவது இதற்கு ஒரு காரணம். இயல்பாகவே இந்நோய்க்கு ஆளாகும் ஒருவகை எலிகளின் திட்டுகளில், நோய் தொடங்கியவுடனேயே பரிவு நரம்பிழைகள் பெருமளவு அழிந்திருப்பது 2002 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில், முதலாம் வகை நீரிழிவோடு இறந்தவர்களின் கணையங்களிலும் அத்தகைய இழப்பு காணப்பட்டது. இன்சுலினைச் சார்ந்து வாழ்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்தலே அன்றாட அச்சம் என்பதால், இந்த நரம்பிழப்பு ஏட்டளவில் நின்றுவிடும் செய்தி அன்று.

மூளையின் பங்கு

ஐப்போதலாமஸும் மூளைத் தண்டும் குளுக்கோஸை உணரும் நரம்பணுக்களைக் கொண்டவை. எலியின் ஐப்போதலாமஸின் கீழ்நடுப் பகுதியைச் சிதைத்தால் சில நிமிடங்களிலேயே இன்சுலின் மிகுந்து சுரக்கிறது. பின்னர் எலி கொழுத்துப் பருக்கிறது. உதரவிதானத்துக்குக் கீழே வேகஸ் நரம்பை அறுத்தால் இவ்வுடற்பருமன் பெரிதும் தவிர்க்கப்படுவதை 1970களின் ஆய்வுகள் காட்டின. கல்லீரலிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து வேகஸ் வழியே கணையத்துக்கும் செல்லும் செய்திச் சுற்று ஒன்று பருத்த சுண்டெலிகளில் பீட்டா உயிரணுக்களைப் பெருகச் செய்வதைச் சப்பானிய ஆய்வாளர்கள் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நரம்பு சுரப்பை மட்டுமன்றிச் சுரக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கையையும் மாற்றக்கூடும் என்பது இதன் பொருள். வளர்ச்சிப் பருவத்தில் பரிவு நரம்புகள் இல்லாத சுண்டெலிகளில் திட்டுகளின் உருவமைப்பே குலைந்திருந்தது என 2013 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கூறுகிறது.

இன்சுலின் சீராக ஒழுகுவதில்லை; சில நிமிடங்களுக்கு ஒருமுறை துடிப்பாக வெளிவருகிறது. உடலிலிருந்து பிரித்தெடுத்த நாயின் கணையத்திலும் இத்துடிப்பு தொடர்வதால், அதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை. கணையத்தின் உள்ளேயுள்ள நரம்பு முடிச்சுகள் திட்டுகளை ஒன்றோடொன்று இசையச் செய்கின்றன என்பது ஒரு கருத்து.

விலங்குகளுக்கிடையே வேறுபாடுகள்

சுண்டெலியின் திட்டுகளில் துணைப்பரிவு இழைகள் ஆல்பா, பீட்டா ஆகிய இருவகை உயிரணுக்களையும் நேரடியாகத் தொடுகின்றன. பரிவு இழைகள் பெரும்பாலும் ஆல்பா உயிரணுக்களைச் சேர்கின்றன. மனிதத் திட்டுகளிலோ இவ்வாறு உயிரணுக்களைத் தொடும் இழைகள் மிகக் குறைவு என்று மியாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 ஆம் ஆண்டில் முப்பரிமாணப் படங்கள் கொண்டு காட்டினர். மனிதரின் பரிவு இழைகள் திட்டுகளுள் ஓடும் நுண்குருதிக் குழாய்களின் தசைகளையே பெரும்பாலும் தொடுகின்றன. குழாய் சுருங்கினால் திட்டுக்குள் குருதியோட்டம் மாறும். அதன்வழி கீழ்நிலையில் உள்ள உயிரணுக்களுக்குச் செய்தி பரவும் என்பது அவர்களது விளக்கம். அதே ஆண்டில், மனித ஆல்பா உயிரணுக்கள் தாமே அசிட்டைல்கோலினை வெளியிட்டு அண்டையிலுள்ள பீட்டா உயிரணுக்களைத் தூண்டுவதையும் அவர்கள் அறிவித்தனர். நரம்பு செய்யும் வேலையை மனிதத் திட்டில் ஓரளவு ஆல்பா உயிரணுவே செய்துகொள்கிறது எனலாம். இம்முடிவுகள் அனைவராலும் ஒரே அளவில் ஏற்கப்படவில்லை. மனிதத் திட்டுகளின் நரம்புச் செறிவு பற்றிப் பின்வந்த ஆய்வுகள் வேறுபட்ட அளவுகளைத் தந்துள்ளன.

எலும்பு மீன்கள் பலவற்றில் திட்டுகள் ஒன்றுதிரண்டு, புரோக்மன் உடல்கள் எனப்படும் தனி உறுப்புகளாக உள்ளன; அவற்றினுள்ளும் நரம்புகள் செல்கின்றன. முதுகெலும்பற்ற விலங்குகளில் கணையமே இல்லை. ஆயினும் பட்டுப்புழுவின் பாம்பிக்சின், பழ ஈயின் இன்சுலின் ஒத்த பெப்டைடுகள் ஆகியவற்றைச் சுரப்பவை மூளையில் உள்ள நரம்பணுக்களே. பழ ஈயில் இந்நரம்பணுக்களை அழித்தால் ஈயின் வளர்ச்சி குன்றி, உடல்நீரில் சர்க்கரை உயர்வதை 2002 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பூச்சிகளில் நரம்பு இன்சுலினைக் கட்டுப்படுத்துகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. அங்கே நரம்பணுதான் சுரப்பி.

மருத்துவத்தில்

மனிதருக்கு முழுக் கணையத்தையும் மாற்றிவைக்கும் அறுவை முதன்முதலில் 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்தது. மாற்றிவைத்த கணையத்துக்கு மூளையுடன் நரம்புத் தொடர்பு இல்லை. அதைப் பெற்றவர்கள் இன்சுலின் ஊசியின்றிச் சர்க்கரையைக் காத்துக்கொள்ள முடிகிறது; சர்க்கரை தாழும்போது குளுக்ககான் உயர்வதும் பெருமளவு மீள்கிறது. எனவே மனிதரில் நரம்புகள் இன்றியமையாதவை எனச் சொல்வதற்கில்லை. சுண்டெலி ஆய்வுகளை மட்டும் படிப்போர் இதனை மறந்துவிடுதல் கூடாது.

மறுபுறம், ஆல்பா-2 ஏற்பியை மிகுதியாக உருவாக்கும் மரபணு வேறுபாடு உடையவர்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைவாகவும், இரண்டாம் வகை நீரிழிவுக்கான வாய்ப்பு கூடுதலாகவும் இருப்பதைச் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 ஆம் ஆண்டில் கண்டனர். இவ்வேற்பியை மறிக்கும் யோகிம்பின் என்னும் மருந்து அத்தகைய நோயாளிகளில் இன்சுலின் சுரப்பை மேம்படுத்தியதை 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு தெரிவித்தது. 2019 ஆம் ஆண்டில், நீரிழிவுக்கு ஆளாகும் இயல்புடைய சுண்டெலிகளில் கணையத்துக்குச் செல்லும் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது, பீட்டா உயிரணுக்களைத் தாக்கும் நோயெதிர்ப்பு வினை தணிந்து நோய் தள்ளிப்போனது. சுண்டெலிக்கும் மனிதருக்கும் இடையேயான நரம்பமைப்பு வேறுபாட்டைக் கருதினால், இம்முறை மனிதருக்குப் பயன்படுமா என்பது தனியே சோதிக்கப்பட வேண்டியதாகும்.